கறுப்பு ஒட்டினால் குளிர்ச்சியா? கார் கண்ணாடிக்கு 'செராமிக்' பிலிம்: கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் உள்ள கார் அலங்காரக் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடுகிறது. சித்திரைக்கு ஊருக்குப் போக வேண்டும். பள்ளிக்கூட விடுமுறை வரப்போகிறது. ஓசூர் வரை காற்றில் கொஞ்சம் குளுமை இருக்கும். அதைத் தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கினால் அனல் முகத்தில் அடிக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போகிறவர்களைக் கேட்கவே வேண்டாம்.

கடைக்கு வருகிறவர்களில் பெரும் பணக்காரர்கள் குறைவு. ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், தவணையில் ஒரு சின்னக் கார் வாங்கியிருப்பார். டாக்சி ஓட்டுகிறவர், வங்கிக் கடன் பாதி அடைத்திருப்பார். கேட்பது ஒரே கேள்விதான்: "வெயில் தாங்க முடியலை அண்ணா, கண்ணாடிக்கு என்ன ஒட்டலாம்?"

கடைக்காரர் தயாராக இருக்கிறார். "கறுப்பு பிலிம் காலமெல்லாம் போயிடுச்சு சார். இப்ப எல்லாம் செராமிக்தான். தொண்ணூத்தஞ்சு சதவீதம் சூடு நின்னுடும். இதை ஒட்டினா ஏ.சி.யைப் பாதியில வெச்சா போதும்."

இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் பல ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு போனால், பணமும் மிஞ்சும், போலீசிடம் அபராதமும் கட்ட வேண்டியதில்லை.

வெயிலை 100 ரூபாயாக மாற்றினால்...

சூரிய ஒளி முழுவதையும் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் சுமார் 44 ரூபாய். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் சுமார் 52 ரூபாய். மீதி 4 ரூபாய் அளவுக்குப் புற ஊதாக் கதிர். தோலைக் கருக்குவதும், சீட் துணியை வெளுக்கச் செய்வதும் பெரும்பாலும் இந்த நாலு ரூபாய்க்காரர்தான்.

பழைய கறுப்பு பிலிம் என்ன செய்தது? சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் தாள் அது. 44 ரூபாய் வெளிச்சத்தில் பெரும்பகுதியை மறித்தது. 52 ரூபாய் அகச்சிவப்பில் பெரும்பகுதியை உள்ளே விட்டது. உள்ளே இருட்டாக இருந்ததால் குளிர்ச்சி என்று மனம் நினைத்துக்கொண்டது. சில வருஷத்தில் அந்தச் சாயமும் வெளுத்து, கத்திரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். பழைய கார்களில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

அடுத்து வந்தது உலோகப் பூச்சு பிலிம். அது வெயிலைத் திருப்பி அனுப்பும், உண்மைதான். ஆனால் ரேடியோ அலைகளையும் சேர்த்துத் தடுக்கும். முன் கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டியிருக்கும் 'பாஸ்டேக்' அட்டையும் ரேடியோ அலையில்தான் வேலை செய்கிறது. சுங்கச்சாவடியில் அட்டை படிக்கவில்லை என்றால் பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரனை அழுத்துவார். கூடுதல் கட்டணமும் கேட்பார்கள்.

'செராமிக்' என்றால் பீங்கான். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் இனம்தான். பிலிமில் இருப்பது அதே பீங்கான் அல்ல. டைட்டானியம் நைட்ரைடு, ஆன்டிமனி கலந்த டின் ஆக்சைடு, டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற பொருள்களை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்துப் பிலிமில் சேர்க்கிறார்கள். இந்தத் துகள்கள் வெளிச்சத்தைப் போக விட்டு, அகச்சிவப்புக் கதிரை மட்டும் பிடித்து வைக்கும். ரேடியோ அலைக்குத் தடை செய்யாது. நல்ல செராமிக் பிலிம் கண்ணாடியைப் போலவே தெளிவாக இருக்கும். 'கறுப்பாக இருந்தால்தான் நல்ல சரக்கு' என்று கேட்டு வாங்குகிறவர் தப்பான சரக்கைக் கேட்கிறார்.

விளக்கு வித்தை

கடையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே சிவப்பாக எரியும் விளக்கு. நடுவில் பிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டு. "கையை வெச்சுப் பாருங்க சார்" என்பார்கள். வெறும் கண்ணாடியில் கை சுடும். பிலிம் ஒட்டிய கண்ணாடியில் சுடாது. பார்க்கிறவர் அசந்து போவார்.

அந்த விளக்கு ஏமாற்று விளக்கு அல்ல. ஆனால் அது சூரியனும் அல்ல. அதிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்பு. செராமிக் பிலிம் எதைத் தடுக்கத் தெரிந்ததோ, அதை மட்டும் எதிரே வைத்துப் பரீட்சை நடத்துகிறார்கள். பக்கத்தில் இருக்கும் கருவியும் பல நேரம் அகச்சிவப்பில் ஒரே ஒரு அலைநீளத்தை அளந்துவிட்டு '95' என்று காட்டும். கடைக்காரர் சொன்ன தொண்ணூற்றைந்து அதுதான்.

இப்போது 100 ரூபாய்க் கணக்குக்கு வருவோம். வெளிச்சத்தில் 70 சதவீதம் உள்ளே வரும் தெளிவான பிலிம் என்றால், 44 ரூபாயில் 31 ரூபாய் உள்ளே வந்துவிட்டது. மற்ற 56 ரூபாயையும் ஒரு பைசா விடாமல் அந்தப் பிலிம் தடுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், மொத்தத் தடுப்பு 69 ரூபாயைத் தாண்டாது. அதிலும், செராமிக் துகள்கள் கதிரைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை, உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சிய சூட்டில் ஒரு பங்கு வெளியே போகும், ஒரு பங்கு உள்ளே வரும். ஆகவே கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு.

'தெளிவான பிலிம், 95 சதவீதம் சூடு நிற்கும்' என்று சொன்னால், கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் அதை ஏற்கக்கூடாது.

கேட்க வேண்டிய எண் வேறு. 'டி.எஸ்.இ.ஆர்.' என்று நாலு எழுத்தில் சொல்வார்கள். வெளிச்சம், அகச்சிவப்பு, புற ஊதா மூன்றையும் சேர்த்து, மொத்த வெயிலில் எவ்வளவு தடுபடுகிறது என்பதன் அளவு அது. 'ஐ.ஆர்.' எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இந்த எண்ணை மறைக்கும் கம்பெனியின் சரக்கைத் தொடாமல் இருப்பது நல்லது. இரண்டு பிலிமை ஒப்பிடும்போது ஒரே அளவு வெளிச்சம் விடும் பிலிம்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இருட்டுப் பிலிம்தான் எப்போதும் ஜெயிக்கும்.

விளக்குப் பரீட்சையிலும் ஒன்று செய்யலாம். அரை நிமிஷத்தில் கையை எடுக்காமல் ஐந்து நிமிஷம் வைத்திருங்கள். பிலிம் ஒட்டிய கண்ணாடியே மெல்லச் சூடேறுவது தெரியும். ஓடுகிற காரில் காற்றுப் பட்டு இந்தச் சூடு வெளியே போய்விடும். மைதானத்தில் நிற்கிற காரில் அப்படிப் போகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடைக்காரர் ஒன்று சொல்வார், நண்பர் ஒன்று சொல்வார், ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர் வேறொன்று சொல்வார்.

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி இதைப் பற்றியது. முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம். இந்த எண்கள் இன்று வரை மாறவில்லை.

2012-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு பொதுநல வழக்கில் தீர்ப்பு அளித்தது. விதியில் உள்ள அளவு, கண்ணாடி தயாராகி வரும்போதே இருக்க வேண்டிய அளவு. அதன் மேல் எந்தச் சதவீதத்திலும் கறுப்பு பிலிமோ வேறு பொருளோ ஒட்டக்கூடாது என்று சொன்னது. அந்த ஆண்டு மே 4-ந் தேதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. 'இசட்', 'இசட் பிளஸ்' பாதுகாப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. கறுப்புக் கண்ணாடிக் கார்களில் நடக்கும் கடத்தலும் பெண்களுக்கு எதிரான குற்றமும் அந்த வழக்கில் பேசப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் பிசியோதெரபி படித்த பெண்ணுக்குக் கொடுமை நடந்த பஸ்சின் கண்ணாடிகளும் கறுப்புதான், திரையும் தொங்கியது. தடை ஏன் என்று கேட்கிறவர்கள் அதை மறந்துவிடக்கூடாது.

பிறகு விதி திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல், 'பாதுகாப்புக் கண்ணாடி' என்பதோடு, உள்பக்கம் பிளாஸ்டிக் சேர்ந்த கண்ணாடிக்கும் 100-வது விதியில் இடம் கிடைத்தது. அதற்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2553 இரண்டாம் பாகம், 2019 தரம் பொருந்த வேண்டும். இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள ஐகோர்ட்டு, 70-க்கும் 50-க்கும் குறையாமல் வெளிச்சம் விடும், தரத்துக்கு உட்பட்ட பிலிமை ஒட்டுவதற்கு அபராதம் போட முடியாது என்று கூறியது.

'அப்படியானால் ஒட்டலாம்' என்று கடைக்காரர் அந்தச் செய்தியைச் செல்போனில் காட்டுவார். பொறுங்கள். அது கேரள ஐகோர்ட்டின் தீர்ப்பு. கர்நாடகத்திலோ தமிழ்நாட்டிலோ வழியில் மறிக்கும் அதிகாரி அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. '2012 தீர்ப்பு இருக்கிறது, பிலிம் என்றாலே கிழி' என்று அவர் சொன்னால், வாதாட வேண்டிய இடம் கோர்ட்டு; நடுரோடு அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் பொதுப் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 500 ரூபாய் வரையும், மறுபடியும் பிடிபட்டால் 1,500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. கையோடு வசூலிக்கும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம், ஒட்டிய பிலிம் அங்கேயே கிழிபடுவதுதான்.

டாக்சிக்காரர்களுக்கு இன்னொரு கவலை. எப்.சி.க்கு வண்டி போகும்போது கண்ணாடியையும் பார்ப்பார்கள். கறுப்பாக இருந்தால் எடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். அன்றைய ஓட்டம் போயிற்று.

இரண்டு வடிகட்டிகள்

சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஒட்டுவேன் என்று கிளம்புகிறவர்களும் ஒரு கணக்கில் சறுக்குகிறார்கள். கம்பெனியிலிருந்து வரும் கண்ணாடியே முழுத் தெளிவு அல்ல. லேசாகப் பச்சை கலந்திருக்கும். அது 75 சதவீதம் வெளிச்சம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் '50 சதவீதப் பிலிம்' ஒட்டினால் உள்ளே வருவது 50 அல்ல; 75-ல் பாதி, அதாவது முப்பத்தேழரை. பக்கக் கண்ணாடிக்கு உரிய 50-ஐ அது எட்டவில்லை. '70 சதவீதப் பிலிம்' ஒட்டினால் ஐம்பத்திரண்டரை. தப்பித்தது.

முன் கண்ணாடியில் இதே கணக்கைப் போட்டால் இன்னும் இடிக்கும். 75 விடும் கண்ணாடியில் 90 சதவீதத் தெளிவுள்ள பிலிம் ஒட்டினாலும் அறுபத்தேழரைதான் வரும். விதி கேட்பது 70. 'முன் கண்ணாடிக்கு 70 பிலிம், சட்டப்படி சரி' என்று விற்கிறவர், கண்ணாடியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆகையால் முன் கண்ணாடியை அப்படியே விட்டுவிடுவதுதான் உத்தமம். இரவில், மழையில், பின்விளக்கு எரியாத மொபெட் ஒன்று முன்னால் போகும்போது, குறைந்துபோன அந்தச் சில சதவீத வெளிச்சத்தின் அருமை தெரியும்.

ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒளி அளக்கும் கருவியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடையில் அந்தக் கருவி இருக்கும். இல்லாத கடையில் வாய்தான் கருவி.

டிரைவரின் வலது கை

பிலிமால் உண்மையிலேயே பயன் அடையக்கூடியவர் பின் சீட்டில் உட்காருகிறவர் அல்ல. நாள் முழுக்க ஸ்டீரிங் பிடிக்கிறவர்.

முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. அது புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படி அல்ல. சுட்டெரிக்கும் வகைக் கதிரைத் தடுத்தாலும், தோலுக்குள் ஆழமாக இறங்கி மெல்ல மெல்லக் கெடுக்கும் வகையில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடும். எரிச்சல் இல்லாததால் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. பல வருஷம் டாக்சி ஓட்டியவரின் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலது கை கறுத்திருக்கும்.

2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு படம் வெளிவந்தது. 28 ஆண்டு சரக்கு வண்டி ஓட்டிய, 69 வயதுக்காரர். அந்த நாட்டில் டிரைவர் இடப்பக்கம் உட்காருவார். அவருடைய முகத்தின் வலப்பாதி வயதுக்கு ஏற்றபடி இருந்தது. இடப்பாதி சுருங்கி, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கண்ணாடி வழியாக வந்த கதிரின் வேலை அது என்று டாக்டர்கள் எழுதினார்கள்.

இந்தக் கதிரைத் தடுக்க இருட்டு தேவையே இல்லை. நிறமே இல்லாத நல்ல பிலிம் 99 சதவீதம் தடுக்கும். கையில் பணம் குறைவாக இருந்தால் முன் கதவுக் கண்ணாடிகள் இரண்டுக்கும் மட்டும் தெளிவான செராமிக் பிலிம் ஒட்டினால் போதும். அதற்கும் வழி இல்லை என்றால், முழங்கை வரை மூடும் பருத்தி உறை ஒன்று போதும். சட்டமும் தடுக்காது.

எந்தப் பிலிம் ஒட்டினாலும், பூட்டிய காரில் குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குள் போகக்கூடாது. 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சூடு சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்தும் பெரிதாகப் பயன் இல்லை. நிற்கிற காருக்கு பிலிமைவிட, முன் கண்ணாடியின் உள்பக்கம் விரிக்கும் வெள்ளி நிறத் தட்டி நன்றாக வேலை செய்யும். விலையும் சில நூறு ரூபாய்தான்.

பெயிண்டுக்கு ஓர் உறை

வெயிலுக்குப் பயந்து காரை மரத்தடியில் நிறுத்தினால் வேறு தொல்லை. பிசின் சொட்டும். பறவை எச்சம் விழும். நாலு நாள் கவனிக்காவிட்டால் பெயிண்ட் அரித்துத் தடம் விழுந்துவிடும். ஓசூர் ரோட்டில் ஜல்லி ஏற்றிய லாரிக்குப் பின்னால் போனால் சின்னக் கற்கள் பறந்து வந்து பானெட்டில் பொட்டு வைக்கும்.

இதற்குத்தான் 'பி.பி.எப்.' என்ற உறை. பெயிண்டின் மேல் கண்ணாடி போல ஒட்டும் பிலிம். நல்ல ரகம் 'டி.பி.யு.' என்ற பாலியூரித்தேன். சுமார் 150 முதல் 200 மைக்ரான் தடிமன். ரப்பர் போல இழுபடும், கல்லின் அடியை வாங்கிக்கொள்ளும். மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் பட்டால் தாமே மறைந்துவிடும். மட்ட ரகம் 'பி.வி.சி.' அது விறைப்பாக இருக்கும், சீக்கிரம் மஞ்சளாகும், உரிக்கும்போது துண்டு துண்டாகப் போகும். இரண்டும் முதல் நாள் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால்தான் ஏமாற்ற முடிகிறது. ஒரு சின்ன வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள்.

'செராமிக் கோட்டிங்' என்று இன்னொன்றும் விற்கிறார்கள். பெயர்தான் ஒன்று, பிலிமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது பெயிண்டின் மேல் தேய்க்கும் திரவம். பளபளப்பு வரும், தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். கல் அடியைத் தடுக்காது.

முழுக் காருக்கும் நல்ல பி.பி.எப். போட ஒரு லட்சம் ரூபாயைத் தொடும், தாண்டவும் செய்யும். அந்தப் பணத்துக்குப் பழைய கார் ஒன்றே வந்துவிடும். சம்பளக்காரருக்கு அது தேவையில்லாத செலவு. பானெட்டின் முன்பகுதி, முன் பம்பர், கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி, இவ்வளவு போதும். நிறமில்லாத உறைக்கு ஆர்.சி.யில் எதையும் மாற்ற வேண்டாம். வேறு நிறத்தில் உறை போட்டால், ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாது. முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்தாக வேண்டும்.

பிலிமின் விலையை விபத்தின்போது இன்சூரன்ஸ் கம்பெனி தானாகக் கொடுத்துவிடாது. பாலிசியில் உபரிப் பொருளாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டும்போதும், ஒட்டிய பிறகும்

பத்து வருஷ உத்தரவாதம் என்பார்கள். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரை மட்டும் இருந்தால் போதாது. பிலிம் சுருளின் வரிசை எண் இருக்க வேண்டும். அந்த எண் கம்பெனியில் பதிவாகியிருக்கிறதா என்று கடையில் நிற்கும்போதே சரிபாருங்கள். பில்லில் 'செராமிக் பிலிம்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். கம்பெனிப் பெயர், ரகம், வெளிச்ச அளவு, ஐ.எஸ். 2553 தரச் சான்று, எந்தெந்தக் கண்ணாடி, எல்லாம் இருக்க வேண்டும்.

தெருவோரத்தில், புழுதியில் ஒட்ட விடாதீர்கள். பிலிமுக்கு அடியில் நிற்கும் தண்ணீர்க் குமிழி சில வாரத்தில் காய்ந்து மறையும். தூசி மாட்டிய குமிழி மறையாது. பழைய கார் வாங்கி அதிலுள்ள பழைய பிலிமை உரிக்கிறவர்கள் பின் கண்ணாடியில் கவனமாக இருக்க வேண்டும். பனி நீக்கும் மெல்லிய கோடுகள் உள்ள கண்ணாடியானால், பிளேடால் சுரண்டினால் கோடு அறுந்துவிடும். வெந்நீர் ஆவி காட்டி மெல்ல உரிக்கச் சொல்லுங்கள்.

ஒட்டிய பிறகு மூன்று நாளைக்குக் கதவுக் கண்ணாடியை இறக்கக்கூடாது. சுங்கச்சாவடியில் பழக்கதோஷத்தில் கை பொத்தானுக்குப் போகும். வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். பொத்தான் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.